எதிர்ப்பாதி இதே

பதினோரு வருஷமாகக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்த மூன்று பேரைத் தீர்த்துக்கட்டக் குமரகுருவுக்கு ஒரு கிராஃப் தாளும் ஒரு பென்சிலும் போதுமாக இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம், பிள்ளையார்பாளையத்து வீட்டு மாடியில், பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிற அதே மேஜையில் உட்கார்ந்து காரியத்தை முடித்தான். கை நடுங்கவில்லை. அதுதான் அவனுக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

பதற வேண்டாம், அந்த மூவரும் காகிதத்து ஆட்கள். குமரகுருவும் அவனோடு கல்லூரியில் படித்த மூன்று பேரும் ஞாயிறுதோறும் ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்க வேண்டும். "குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பது கதை சொல்கிறவன் வேலை. உள்ளே போகிறேன், ஓடிப்போகிறேன், உறுமலுக்கு ஒரு கும்பிடு போடுகிறேன் என்று சொல்வது மற்றவர்கள் பாடு. பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்கிறவனுக்கு மாஸ்டர் என்று பெயர். தெருவில் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, எங்கே டீக்கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்தவர்கள் உண்டு.

வாடகை நூலகத்து மாயாஜாலக் கதைகளில் ஊறி வளர்ந்தவன் குமரகுரு. அட்டையில் வாள், பாம்பு, பாதி உடையில் ஒரு இளவரசி, கடைசிப் பக்கம் கட்டாயம் கிழிந்திருக்கும். கிழிந்த பக்கத்தைத் தானே யோசித்து முடித்து முடித்துக் கதை சொல்லத் தேறியவன். கல்லூரிக் கடைசி வருஷம் இந்த ஆட்டத்தின் விதிகள் இணையத்தில் கிடைத்தபோது, எனக்காகவே எவனோ கண்டுபிடித்திருக்கிறான் என்று துள்ளிக் குதித்தான். ஆட்டத்துக்கென்று ஒரு தேசத்தையே படைத்தான். ஆறு, மலை, ஊர்கள், ஊருக்கு ஊர் ராஜா. அந்த தேசத்துப் பழங்குடிகளுக்கு யவுரி என்று ஒரு மொழியும் உண்டாக்கினான். அதற்கு எழுத்துகூட உண்டு. கிராஃப் தாளில் கட்டங்களை நிரப்பினால் எழுத்து, அவ்வளவுதான். டிசைன்காரன் மூளைக்கு வேறெப்படித் தோன்றும்?

அந்தக் குஷியெல்லாம் எப்போது வடிந்தது என்று அவனுக்கே தெரியாது. வாரத்தில் ஆறு நாள் டிசைன். காலையில் முதலாளி போன் போட்டால் எடுத்த எடுப்பில் "அப்புறம்?" என்பார். அப்புறம் என்றால், போன வாரம் கொடுத்த மயில் பழசாகிவிட்டது, புதிய மயில் எங்கே என்று பொருள். வீட்டுக்குள் நுழைந்தால் மனைவி தையல்நாயகி, அவன் அப்பாவின் கண் ஆபரேஷனையும் மகளின் பள்ளிக்கூட வேனையும் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு "அப்புறம் என்ன பண்லாம்?" என்பாள். தப்பில்லை, அவளும் யாரிடம்தான் கேட்பாள்? ஞாயிற்றுக்கிழமை வந்தால் மூன்று தோழர்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கண் மின்ன, "அப்புறம்?" என்பார்கள். உலகத்தில் எல்லோருக்கும் அடுத்தது என்ன என்று இவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டுமாம். சலித்துப்போயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூங்கினால் தீர்கிற சலிப்பு இல்லை இது.

நிறுத்திக்கொள்ளலாம் என்று வாய்விட்டுச் சொல்ல இரண்டு தரம் முயன்றான். முதல் தரம், தோழர்களில் ஒருவனான தாமல் தணிகாசலம் வார்டு தேர்தலில் பதினோரு ஓட்டில் தோற்றிருந்த வாரம். தணிகாசலம் வந்து உட்கார்ந்து, "இங்கயாவது நான் உயிரோட இருக்கேன்பா" என்றான். இவன் வாயை மூடிக்கொண்டான். இரண்டாவது தரம், இன்னொரு தோழன் விமல்ராஜ் மேஜை மேலேயே குறட்டை விட்ட வாரம். தூங்குகிறவனை எழுப்பி ஆட்டம் போதும் என்று சொல்லலாமென்று தோளைத் தொட்டால், அவன் கண்ணைத் திறக்காமலே, "வாரத்துல இந்த மூணு மணி நேரம்தான்டா எனக்கு. நான் முழிச்சிக்கினுதான் இருக்கேன், நீ சொல்லு" என்றான். அதோடு சரி.

ஆகவே, நேராகச் சொல்லத் துப்பில்லாதவர்கள் செய்வதைக் குமரகுருவும் செய்தான். ஒரு விபத்துக்கு ஏற்பாடு செய்தான். மலையடியில் பூதராஜாவின் சமாதி. உள்ளே நுழைந்ததும் பின்னால் கல்கதவு விழும். மேலிருந்து மணல் கொட்டும். வேறு வழி கிடையாது. எந்தப் பகடை எத்தனை விழுந்தாலும் கிடையாது. ஆட்கள் செத்தால் ஆட்டம் தானாக முடியும், யாரும் யாரையும் நிறுத்தியதாக ஆகாது.

கூடத்தைத் தாளில் இழைத்து இழைத்து வரைந்தான். வாசல், தூண்கள், மணல் கொட்டுகிற துவாரங்கள். சுவர்ப் பக்கம் வந்தபோது, சமாதி என்றால் கல்வெட்டு வேண்டுமே என்று யவுரி எழுத்தில் கட்டங்களை நிரப்பினான். ராஜாவின் பெருமையை எழுதத்தான் நினைத்தான். கை வேறு எழுதியது. நெவா தூரிஸ். ஷக் ஹமேல். நான் களைத்துப்போனேன், என்னைப் போகவிடுங்கள். யவுரியை யாரும் எட்டிப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. எது வந்தாலும் "குரு, இதுக்கு இன்னா அர்த்தம்?" என்று அவனையே கேட்டுப் பழகிவிட்டார்கள். யார் படிக்கப்போகிறார்கள் என்கிற தைரியம்தான். எழுதி முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. தாளின் ஓரத்தில் வழக்கம்போல எழுதவேண்டியதை எழுதி, சுருட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

மறுநாள் மூன்று மணிக்கு முதலில் வந்தது தேவிப்ரியா. ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை, ஆட்டத்தில் நீலாம்பல் என்கிற சூனியக்காரி. "கோயில் பக்கம் டூரிஸ்ட் பஸ்ஸா நிக்குது, ரோட்டையே காணோம்" என்று திட்டிக்கொண்டே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பின்னாலேயே தணிகாசலம், கை நிறைய வேகவைத்த வேர்க்கடலையோடு. மேடையில் ஏறினால் ஊரையே கிடுகிடுக்க வைப்பான், ஆட்டத்தில் மட்டும் செங்கீரி என்கிற பயந்தாங்கொள்ளித் திருடன். செங்கீரியின் குணமும் பலமும் எழுதிய விவரத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறான். அவன் ரேஷன் கார்டுக்குக்கூட அந்த யோகம் இல்லை. கடைசியாக விமல்ராஜ். குமரகுரு போடுகிற டிசைன்களைக் கட்டம் கட்டமாகப் படித்து, தறிக்கான அட்டையில் துளை குத்துகிற மெஷினில் அவனுக்கு வேலை. ஆட்டத்தில் மலைக்கோடன், ஒற்றைக் கை வீரன்.

அந்தக் கை போன கதையைச் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தின் இரண்டாம் வருஷத்தில் பெரிய சண்டை வந்து, அன்றைக்கு ஒரு விதி போட்டார்கள். தாளில் விழுந்தது விழுந்ததுதான். மாஸ்டர் வரைபடத்தை மேஜையில் வைத்துவிட்டால் அதில் இருப்பதை அழிக்கவும் கூடாது, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. நாலு வருஷம் கழித்து, தாளில் இருந்த ஒரு பொறியில் மலைக்கோடன் கையை விட்டுவிட்டான். குமரகுருவுக்கே மனசு கேட்காமல், "பரவால்லடா, அங்க பொறி இல்லன்னு வெச்சிக்கலாம்" என்றான். விமல்ராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "தாள்ல இருக்குதில்ல? வெட்டு" என்றான். அன்றிலிருந்து ஒற்றைக் கைதான்.

ஆட்டம் தொடங்கியது. குமரகுரு சொன்னான், நன்றாகவே சொன்னான். ஈரக்கல் வாசனை, வௌவால், தீப்பந்தம் போதாத இருட்டு. மூவரும் சமாதிக்குள் நுழைந்தார்கள். கல்கதவு விழுந்தது. தணிகாசலம் உரித்த கடலையை வாயில் போடாமல் நிறுத்தினான்.

"செங்கீரி கதவைத் தள்றான்."

"அசையல."

"மலைக்கோடன்?"

விமல்ராஜ் பாதித் தூக்கத்தில் இருபது முகப் பகடையை உருட்டினான். இருபது விழுந்தது. அதற்கு மேல் எண்ணே கிடையாது.

"அசையல" என்றான் குமரகுரு. "மேலருந்து மணல் கொட்ட ஆரம்பிக்குது."

தேவிப்ரியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இருபதுக்குமா?"

"இருபதுக்கும்."

நீலாம்பல் விளக்கு மந்திரம் போட்டாள். கூடம் வெளிச்சமானால் வரைபடத்தை நடுவில் வைக்க வேண்டும் என்பது வழக்கம். குமரகுரு சுருளை விரித்து நாலு மூலையிலும் பகடை வைத்தான். மூன்று தலைகளும் குனிந்தன. தணிகாசலம் துவாரம் துவாரமாக எண்ணினான். தேவிப்ரியாவின் விரல் சுவரில் இருந்த கட்டெழுத்துகளின் மேல் ஊர்ந்தது, ஒரு இடத்தில் நின்றது, மறுபடி முதலிலிருந்து ஊர்ந்தது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. குமரகுருவுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

"மணல் முட்டி வரைக்கும் வந்துடுச்சு" என்றான்.

செங்கீரி தூண் ஏறினான், வழுக்கி விழுந்தான். துவாரத்தைத் துணியால் அடைத்தான், துணி கிழிந்தது. நீலாம்பல் காற்றைக் கூப்பிட்டாள், காற்று வரவில்லை. எதைச் சொன்னாலும் மாஸ்டர் அதே குரலில் "ஆகல" என்றான்.

"மணல் இடுப்பு வரைக்கும்."

"கொஞ்சம் இருபா." தணிகாசலத்தின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. லேமினேட் தாளைக் கையில் எடுத்தான், கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். "இன்னாபா இது, எதுக்குமே வழி இல்லன்ற? நான் வெளிய எவ்ளோ பேசினாலும் எல்லாருக்கும் நடுவுல பயமாத்தான் இருக்குது எனக்கு. இவன் ஒருத்தன்தான் பயமா இருக்குதுன்னு பச்சையா சொல்லுவான். சொல்லிட்டும் பதினோரு வருஷம் பொழச்சிக்கினு இருக்கான். அவன் செத்துட்டான்னா நான் எங்கபோய்ச் சொல்றது?"

சே, என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்று குமரகுருவுக்குத் தோன்றியது. ஆனால் இன்றைக்கு விட்டால் அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு, இன்னொரு பதினோரு வருஷம். ஒரு நிமிஷம் கல்லாகிவிட்டால் போதும்.

"மணல் மார்பு வரைக்கும்" என்றான்.

விமல்ராஜ் நன்றாக விழித்துக்கொண்டான். கண்ணைத் தேய்த்தபடி தாளைத் தன் பக்கம் இழுத்தான். திங்கள் முதல் சனி வரை குமரகுருவின் தாளைப் படிப்பதே அவன் பிழைப்பு. அந்தக் கண்ணோடு பார்த்தான்.

"டேய், இது பாதிதானடா?"

"என்ன பாதி?"

"இத்தப் பாரு." தாளின் வலது ஓரத்தில் விரலை வைத்தான். பொடி எழுத்தில், குமரகுருவின் கையெழுத்தில், 'எதிர்ப்பாதி இதே' என்று இருந்தது.

புடவை டிசைனில் முழுசையும் யாரும் வரைவதில்லை. மயிலோ மாங்காயோ, பாதி வரைந்து ஓரத்தில் இப்படி எழுதிவிட்டால் போதும், கண்ணாடியில் பார்ப்பதுபோல மறுபாதியைத் தறி போட்டுக்கொள்ளும். ஒரு நாளைக்குப் பத்துத் தாளில் அவன் எழுதுகிற இரண்டு வார்த்தைகள் அவை. நேற்றுச் சாயங்காலம், தூக்கக் கலக்கமோ மனக் கலக்கமோ, பூதராஜாவின் சமாதியிலும் எழுதித் தொலைத்திருக்கிறான்.

"எதிர்ப்பாதி இதேன்னா," விமல்ராஜ் மெதுவாக, அட்டை குத்துகிற கணக்கில் சொன்னான், "இந்தப் பக்கம் நாலு தூணு, அப்ப அந்தப் பக்கம் நாலு தூணு. கூடம் ரெண்டு மடங்கு பெருசு. இந்தப் பக்கம் ஒரு வாசல்." நிமிர்ந்தான். "அந்தப் பக்கமும் ஒரு வாசல். அந்தக் கதவு விழுந்துச்சுன்னு நீ சொல்லவே இல்ல."

தணிகாசலம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "வாசல் இருக்குதாபா? குரு, சொல்லுபா, இருக்குதா?"

அது கைப்பழக்கத்தில் விழுந்தது, எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லக் குமரகுரு வாயைத் திறந்தான். சொன்னால் தீர்ந்தது. மாஸ்டர் சொன்னால் யார் எதிர்ப்பார்கள்? விமல்ராஜின் விவரத் தாளில், இடது கை என்ற இடத்தில் ஆறு வருஷத்துக்கு முன் அடித்த கோடு கண்ணில் பட்டது. அந்தக் கோட்டை அடித்ததும் குமரகுருவின் இதே கைதான்.

"இருக்குது" என்றான்.

தணிகாசலம் போட்ட கூச்சலில் கீழே தையல்நாயகி என்னவோ ஏதோ என்று குரல் கொடுத்தாள். செங்கீரி நீந்தினான், மலைக்கோடன் ஒற்றைக் கையால் நீலாம்பலைத் தூக்கிக்கொண்டான், மூவரும் எதிர் வாசல் வழியாக வெளியே விழுந்தார்கள். பகடைகூடக் கேட்கவில்லை.

மூன்று பேரும் மேஜைமேல் சாய்ந்து, கண் மின்ன, அவனைப் பார்த்தார்கள்.

"அப்புறம்?" என்றான் தணிகாசலம்.

குமரகுரு தேடினான். ஒன்றுமில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் மலையா, ஊரா, கடலா, எதுவுமே அவன் வைத்திருக்கவில்லை. ஏதாவது சொல்லலாம், ஆயிரம் தரம் அப்படிச் சமாளித்திருக்கிறான். வாய் வரவில்லை.

"தெரியல" என்றான். "எனக்குத் தெரியலபா."

இப்படி ஒரு வார்த்தையை அவன் அந்த மேஜையில் சொன்னதே இல்லை. தணிகாசலம் வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்து, பாதியில் நிறுத்தினான்.

"அவனுக்குத் தெரியாது" என்றாள் தேவிப்ரியா. "அவன் கதைய இங்கயே முடிக்கத்தான் வந்தான். செவுத்துல எழுதி வெச்சிருக்கான். நெவா தூரிஸ், ஷக் ஹமேல். நான் களைச்சிப்போயிட்டேன், என்னப் போகவிடுங்க."

குமரகுருவுக்கு முகம் குப்பென்று சூடேறியது. அந்த மொழியை இன்னொருவர் வாயில் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"உனக்கு எப்டி..."

"ஆபீஸ்ல மேனேஜரப் பத்தி டைரி எழுத வேற எந்த பாஷ இருக்குது எனக்கு? ஏழு வருஷமா எழுதிக்கினு இருக்கேன். நீ எந்தக் காலத்துல எங்களக் கேட்ட?"

"அப்ப எங்களக் கொல்லத்தான் பாத்தியா?" தணிகாசலத்துக்கு நிஜமாகவே அடிபட்டுவிட்டது. "வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமேபா."

"சொல்லத்தான் வந்தேன், ரெண்டு தரம். உங்க மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்ல முடியல." குமரகுருவின் குரல் உடைந்தது. "எங்க போனாலும் அப்புறம், அப்புறம். எனக்கும் தெரியாதுடா. எனக்கு மட்டும் எப்டித் தெரியும்?"

விமல்ராஜ் தாளைப் பார்த்தபடியே இருந்தான்.

"எதிர்ப்பாதி இதேன்னா," என்றாள் தேவிப்ரியா, "அந்தப் பக்கத்துச் செவுத்துலயும் இதேதான் எழுதியிருக்கும். ரெண்டு பக்கமும் சொல்லியிருக்கான். நாமதான் ஒரு பக்கமும் காதுல வாங்கல." எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். மாஸ்டரின் குறிப்புகளுக்கு மறைப்பாக அவன் முன்னால் நிற்கிற பழைய புடவை அட்டைப்பெட்டி மூடியைத் தன் பக்கம் நகர்த்தினாள். "எந்திரி."

"எதுக்கு?"

"எந்திரிச்சி ஜன்னலாண்ட ஒக்காரு. இனிமே இந்தப் பக்கம் நான் ஒக்கார்றேன்."

"உனக்கு என்ன தெரியும், எந்த ஊர் எங்க இருக்குதுன்னு..."

"தெரியாது. தப்புத் தப்பாத்தான் சொல்லுவேன். கேட்டுக்கோ." பிறகு, சத்தத்தைக் குறைத்து, "ஷெல் நெவா. கமா" என்றாள். நான் இருக்கிறேன், உட்கார். அவன் உண்டாக்கிய வார்த்தைகள்தான். அவனிடம் யாரும் சொன்னதில்லை.

குமரகுரு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. விமல்ராஜ் ஒரு வெற்று விவரத் தாளை அவன் முன்னால் வைத்து, பென்சிலையும் வைத்தான். பதினோரு வருஷத்தில் அந்தத் தாளைக் குமரகுரு மற்றவர்களுக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறான், தனக்கென்று ஒன்றை எடுத்ததில்லை.

தேவிப்ரியா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வாசலுக்கு வெளிய... வந்து... ஒரு பாறை. பாறை மேல ஒரு ஆளு ஒக்காந்துக்கினு இருக்கான். ரொம்ப நாளா நடந்து வந்தவன் மாதிரி, கால்ல புழுதி. செங்கீரி, நீ இன்னா பண்ற?"

தணிகாசலம் யோசித்தான். இன்னும் கோபம் தீரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "செங்கீரி யாருக்கும் எதுவும் குடுக்கமாட்டான், தெரியுமில்ல?" என்றான். அப்புறம் வேர்க்கடலைப் பொட்டலத்தைக் குமரகுரு பக்கம் தள்ளிவிட்டான். "தண்ணிக் குடுவையக் குடுக்கறான்."

"குடிச்சிட்டு அந்த ஆளு நிமிந்து பாக்கறான்" என்றாள் தேவிப்ரியா. "உம் பேரு இன்னா?"

எல்லோரும் குமரகுருவைப் பார்த்தார்கள். நூறு ஊருக்கும் முப்பது ராஜாவுக்கும் பெயர் வைத்தவனுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. பென்சில் தாளின் மேல் நின்றது.

"இல்லன்னா பரவால்ல" என்றாள். "மெதுவா வைக்கலாம். பேர் இல்லாமயே நாலு பேரும் கெளம்பறாங்க. சாயங்காலம் ஆவுது. தூரத்துல ஒரு வெளக்கு தெரியுது. அது வந்து..." நிறுத்தினாள். கூரையைப் பார்த்தாள். அடுத்தது என்னவென்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

குமரகுரு நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்ததை அவனே கவனிக்கவில்லை. கடலை கையிலேயே இருந்தது.

"அப்புறம்?" என்றான்.